வாயசைவு

மேவிஸ் ஹால்டனை எனக்குத் தெரியாது.
ஏழு வருஷம் அவளுக்காக மூச்சு வாங்கியிருக்கிறேன்.

ஆண்டாப் ஹில்லில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினால்
கிங்ஸ் சர்க்கிளில் எட்டு பன்னிரண்டு, அந்தேரி லோக்கல்.
டயர் கடைக்கு மேல் ஸ்டூடியோ.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஏசியின் இரைச்சல் டேப்பில் விழும் என்று
டேக் சொன்னதும் அதையும் அணைத்துவிடுவான் கதம்.
மே மாதத்தில் எனக்கு முதுகு நனைய
மேவிஸ் பனியில் நடந்துகொண்டிருப்பாள்.

தொடரில் அவள் ஒரு சிற்றூரின் நீதிபதி.
அவள் "ஓவர்ரூல்டு" என்ற இடத்துக்கு
தேவசகாயம் முதலில் எழுதித் தந்தது:
"ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது."
நான் ஆட்சேபத்திலேயே இருக்க
அவள் வாயை மூடி, சுத்தியலைத் தட்டி,
எழுந்தே போய்விட்டாள்.
"செல்லாது" என்று பார்த்தேன்.
பழைய செருப்பு மாதிரி உட்கார்ந்தது.

"நோ"தான் படுத்தியது.
இல்லை என்றால் உதடு இளிக்கும்.
வேண்டாம் என்றால் கடைசியில் மூடிக்கொள்ளும்.
அவள் வாயோ குவிந்து, குவிந்தபடியே நிற்கும்.
அதனால் மகளுக்கும், முன்னாள் புருஷனுக்கும்,
கடன் கேட்டு வந்த தம்பிக்கும்
ஏழு வருஷமும் ஒரே பதில்:
போ.

எபிசோடுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
அழுகை இருந்தால் ஐம்பது கூட.

சாத்தூரிலிருந்து ஒரு கார்டு வந்தது, நீதிபதி அம்மாவுக்கு.
வெள்ளைக்காரியாகப் பிறந்தும் 'ழ' எப்படி
இத்தனை சுத்தமாக வருகிறது உங்களுக்கு?
பதில் போட எனக்கு அனுமதி இல்லை.
தான் தமிழ் பேசுவது அவளுக்கே தெரியாது.

நூற்றுப் பதினாலாவது எபிசோட்.
சமையலறை. காப்பி ஊற்றுகிறாள்.
ஜன்னலைப் பார்த்து, "மழை வரும் போல."
அவ்வளவுதான் வசனம்.
அதற்கு முன்னால் ஒரு மூச்சு
பாதி வழியில் எதிலோ மாட்டி
கிழிந்து வெளியே வந்தது.
தாளில் அது இல்லை.
மூன்று முறை ரீவைண்ட் கேட்டேன்.
"ஜலதோஷமாயிருக்கும் தாயீ, விடுங்க" என்றான் கதம்.
விடவில்லை. கிழிசலோடுதான் இழுத்தேன்.
அழுகைக் கணக்கில் அதை எழுதவில்லை.

எட்டாவது சீசனை இங்கே யாரும் வாங்கவில்லை.
அங்கே ஒரு படகில் ஏற்றி
அவளைக் கடலில் முடித்துவிட்டார்கள்.
பிறகு மூட்டுவலி மாத்திரை விளம்பரம் ஒன்று,
இரண்டு போலீஸ் தொடர்களில் பிணத்தின் அம்மா.
ஐம்பத்து மூன்றாம் வயதில் எல்லாவற்றையும் நிறுத்தி
வீடு விற்கும் தரகராகப் போனாள்.
தெருமுனைப் பலகையில் அதே சிரிப்பு,
கீழே போன் நம்பர்.
நான் பாந்த்ராவில் ஒரு பல் டாக்டரிடம்
டோக்கன் கூப்பிடுகிறேன்.
பதினேழு என்று சொன்னால்
சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள்,
எங்கேயோ கேட்ட மாதிரி.
அப்புறம் தாடையைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்று ரயிலில், போனில், அவள் பேட்டி.
இயர்போன் வீட்டில். எழுத்துகள் மட்டும் கீழே ஓடின.
வெட்டிவிட்ட நரைமுடி, மடியில் ஒரு நாய்.
அம்மா செத்த வாரம் ஷூட்டிங்கை நிறுத்தவில்லை என்கிறாள்.
ஒரு சமையலறைக் காட்சி, காப்பி,
மழையைப் பற்றி ஏதோ வசனம்.
யாரும் கவனிக்கவில்லை
என்று எழுத்து ஓடியது.

மாஹிம் ஓடையின் நாற்றம் உள்ளே வந்து போனது.

பேட்டி எடுப்பவன் அடுத்து என்னவோ கேட்கிறான்,
திரும்ப நடிப்பீர்களா என்றுதான் இருக்கும்.
அவள் வாய் குவிகிறது.
"போ" என்றேன்.
உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
எதிர் சீட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள்
என்னை ஒரு தரம் பார்த்தாள்.
கட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு
தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.
தமிழ் தெரிந்தவளாயிருக்கும்.